திருச்செல்வம் அண்ணை பார்க்கப் போன மாப்பிள்ளை வீடு

பஸ் ஓட்டுகிறவளுக்குத் துக்கச் செய்திகூடத் தரிப்பிடம் பார்த்துத்தான் வந்து சேர வேண்டும். அன்று காலை கைபேசி பைக்குள் கிடந்து அதிர்ந்துகொண்டே இருந்தது. ஒஸ்லோவின் அம்மருட் தரிப்பிடத்தில் கடைசிச் சனத்தையும் இறக்கிவிட்டு எடுத்துப் பார்த்தால் திருச்செல்வம் அண்ணையின் மனைவி பூமணி அக்கா. "தங்கச்சி, இவர் விடிய எழும்பேல்லை" என்றார்.  "இந்தா வாறன் அக்கா" என்று சொல்லிவிட்டேனே தவிர, உடனே போக முடிந்ததா? மாற்றாள் வரும்வரை பஸ்ஸைத் திருப்பி எடுத்துக்கொண்டு பாதி நகரம் ஓடினேன். கண்ணைத் துடைத்துத் துடைத்து ஓடினேன். ஆனாலும் ஒரு தடவைகூடப் பிரேக்கைத் திடீரென்று மிதிக்கவில்லை. மிதித்திருந்தால் திருச்செல்வம் அண்ணைக்குப் பிடித்திருக்காது.

இந்த நினைவு மலர் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அன்று உங்கள் கைக்கு வரும். புருசெத்திலும் அதைச் சுற்றியும் உள்ள உங்களில் பலருக்கு அவர் கோயில் அன்னதானத்தில் அகப்பையோடு நின்ற மனிதர். எனக்கு அவர் டிப்போவில் சக சாரதி. செத்த பிறகு எல்லோரையும் தெய்வமாக்கிவிடுவது எங்கள் ஆட்களின் பழக்கம். நான் அதைச் செய்யப் போவதில்லை. அண்ணைக்குச் சரியான பிடிவாதம். அவர் வைத்த சாம்பாரில் உப்புக் கூடிவிட்டது என்று யாராவது சொன்னால் ஒரு கிழமைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவார். வாய் திறந்தால் நோர்வே உருளைக்கிழங்கைத் திட்டுவார், பிறகு இரண்டு தரம் போட்டுச் சாப்பிடுவார்.

ஆனால் ஓட்டம் என்றால் அவருடைய ஓட்டம்தான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு தமிழ்ப் பெண் பஸ் ஓட்டுவதா என்று எங்கள் ஆட்களே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அண்ணை சிரிக்கவில்லை. என்னுடைய பஸ்ஸில் ஒரு நாள் ஏறி, பின்சீற்றில் இருந்து கடைசி வரைக்கும் வந்தார். இறங்கும்போது சொன்னார்: "தங்கச்சி, பின்னுக்கு இருக்கிற எல்லாற்றை கையிலையும் சுடச்சுடத் தேத்தண்ணி இருக்கு எண்டு நினைச்சு ஓடு. ஒரு சொட்டுச் சிந்தக்கூடாது." அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஓட்டத்தைப் பற்றி அவர் எனக்கு ஒன்றும் சொன்னதில்லை. வேலை மாறும் நேரங்களில் கோப்பியைக் குடித்துக்கொண்டு ஊர்க்கதை கதைப்போம், சண்டை பிடிப்போம், மறுநாள் மறந்துவிடுவோம்.

இனி வாசுகியின் விஷயத்துக்கு வருகிறேன். அவள் அண்ணையின் ஒரே மகள். ஊரில் போர் நின்று சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். வெடிச்சத்தம் ஓய்ந்திருந்தது. எல்லோரும் ஊருக்குப் போய்வரத் தொடங்கியிருந்தோம். மகளுக்கு ஊரில் ஒரு மாப்பிள்ளை பார்க்கலாம் என்று அண்ணை யோசித்துக்கொண்டிருந்த நேரம், பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பூர்க்குக்குப் படிக்கப் போய் அங்கேயே வேலை எடுத்திருந்த வாசுகி, எதியென் என்றொரு பிரெஞ்சுக்காரப் பெடியனைக் கட்ட விரும்புகிறேன் என்று சொன்னாள். வெள்ளைக்காரன் என்பதை அண்ணை எப்படியோ விழுங்கிவிட்டார். தொண்டையில் சிக்கியது மற்றது. பெடியனின் வீட்டார் பரம்பரையாக முந்திரிகைத் தோட்டம் வைத்திருப்பவர்கள். இந்தியாக்காரர் திராட்சை என்று சொல்லும் அதே முந்திரிகைதான். தோட்டம் வைத்திருந்தால் பிழையில்லை. அவர்கள் அதில் வைன் செய்கிறவர்கள்.

அண்ணையைப் பெற்ற ஐயாவைக் குடிதான் கொண்டுபோனது. அதைப் பற்றி அவர் நீட்டிக் கதைப்பதில்லை. "கள்ளுத் தவறணைப் பக்கம் போற ஒழுங்கையாலை நான் சைக்கிளிலையும் போனதில்லை" என்பார். அப்படிப்பட்டவருக்கு இப்படியொரு சம்பந்தம். ஊர் வாய் சும்மா இருக்குமா? அன்னதான வரிசையில் நின்ற ஒருவர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "என்ன திருச்செல்வம், சாராயம் காய்ச்சிற இடத்திலையோ பொம்பிளை குடுக்கப் போறியள்?" என்று கேட்டார். அண்ணை அகப்பையைக் கீழே வைக்கவில்லை. "இன்னும் குடுக்கேல்லை. நீர் தட்டை நீட்டும்" என்றார். ஆனால் அடுத்து வந்தவரின் தட்டில் சாம்பாரை இரண்டு தரம் ஊற்றினார்.

வாசுகி எனக்குத் தொலைபேசி எடுத்தாள். "அன்ரி, அப்பா ஓம் எண்டு சொல்லாட்டி நான் கட்டமாட்டன். ஆனா வேறை ஒருத்தரையும் கட்டமாட்டன். இதை அப்பாட்டைச் சொல்லிப்போடுங்கோ" என்றாள். அழவில்லை, கெஞ்சவில்லை. புலிக்குப் பிறந்தது பூனையாகுமா? நான் அப்படியே போய்ச் சொன்னேன். அண்ணை கோப்பிக் கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மாப்பிள்ளை வீடு பாக்காமல் ஓம் எண்டும் சொல்லக்கூடாது, இல்லை எண்டும் சொல்லக்கூடாது. முறை எண்டு ஒண்டு இருக்கு. வெளிக்கிடு" என்றார்.

"நானோ?"

"நீதான். பூமணிக்கு முழங்கால் ஏலாது, ஒரு பொம்பிளைத் துணை வேணும். நான் கண்ணயரேக்கை கார் ஓட ஆளும் வேணும்."

காரில் சாமான் ஏற்றும்போது மெதுவாகச் சொன்னார்: "நான் இல்லை எண்டு சொல்லத்தான் போறன், தங்கச்சி. ஆனா அதை ரெலிபோனிலை சொல்லக்கூடாது. அவையின்ரை வாசலிலை நிண்டு, மரியாதையாச் சொல்ல வேணும்."  வாசுகி சொன்ன சொல்லை மாற்றமாட்டாள் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு பிள்ளையின் வாழ்க்கையை முடித்து வைக்கத்தான் இவ்வளவு தூரம் கார் ஓடப் போகிறோமா என்று நினைத்தேன். பூமணி அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, சோறு சமைக்கும் குக்கரைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

புறப்படும்போது இன்னொரு சிக்கல். கலியாணக் காரியத்துக்கு மூன்று பேராகப் போகக்கூடாதே! இல்லை என்று சொல்லப் போகிறவருக்கு என்ன சகுனம் என்று கேட்கத்தான் எனக்கு வாய் உன்னியது. அக்கா பேசாமல் சாமியறைக்குள் போய் ஒரு சின்னப் பிள்ளையாரைத் தூக்கிவந்து பின்சீற்றில் தனக்குப் பக்கத்தில் வைத்து, பெல்ற்றும் போட்டுவிட்டார். நாலு பேராகப் புறப்பட்டோம்.

ஒஸ்லோவிலிருந்து ஜேர்மனிக்குக் கப்பலில் போய், அங்கிருந்து தெற்கே ஓடினோம். இரண்டு பஸ் சாரதிகள் ஒரு காரில் போவதைப் போன்ற துன்பம் உலகத்தில் இல்லை. நான் ஓடினால் அவர் காலடியில் இல்லாத பிரேக்கை மிதிப்பார். அவர் ஓடினால் நான் மிதிப்பேன். "நீங்கள் ரெண்டு பேரும் மிதிக்கிற மிதிக்குக் காரிலை ஓட்டை விழப்போகுது" என்று அக்கா பின்னாலிருந்து சொன்னார். வெள்ளிக்கிழமை எல்லைக்குப் பக்கத்தில் அக்காவின் ஒன்றுவிட்ட தங்கை வீட்டில் தங்கினோம். மறுநாள் புரட்டாதிச் சனிக்கிழமை. அண்ணை விடிய முழுகி, வேட்டி கட்டி, திருநீறு பூசி, சனிக்கு எள்ளுப் பொட்டலம் எரித்து, விரதத்தோடு காரில் ஏறினார்.

ரைன் ஆற்றைக் கடந்தால் பிரான்ஸ், அல்சாஸ் மாநிலம். மேற்கே மலை, மலைக்குக் கீழே சரிவெல்லாம் முந்திரிகை. வகிடு எடுத்துச் சீவிய தலை மாதிரி நிரை நிரையாகக் கொடிகள். சரிவுக்குச் சரிவு ஒரு கிராமம், மரச்சட்டம் போட்ட நிறநிறமான வீடுகள், நடுவில் ஒரு கோபுரம். வழி நெடுக முந்திரிகைக் குலை படம் போட்ட பலகைகள்: இது வைன் பாதை, வாருங்கள், சுவைத்துப் பாருங்கள். வாசலுக்கு வாசல் அதே அழைப்பு. அக்கா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இஞ்சருங்கோ, இது முழு ஊரும் தவறணையோ?" என்று கேட்டார். நான் ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அண்ணை கண்ணாடியை ஏற்றிவிட்டார். அறுவடைக் காலம், தெருவெல்லாம் புளிக்கும் முந்திரிகை மணம். கண்ணாடியை ஏற்றினாலும் அது உள்ளே வந்தது.

ஒரு வளைவில், காலை நிமிர்த்த வேண்டும் என்று காரை நிறுத்தச் சொன்னார். இறங்கியவர் காலை நிமிர்த்தவில்லை, நேரே கொடிக்குப் போனார். ஊரில் அவர் உரும்பிராய்க்காரர். அவருடைய வீட்டிலும் முந்திரிகைப் பந்தல் இருந்தது. "பார், பந்தல் போடேல்லை. கம்பியிலை கட்டி இடுப்பளவிலை வெட்டி விட்டிருக்கிறாங்கள். குலையும் சின்னன்" என்று குனிந்து குனிந்து பார்த்தார். குலையைக் கையில் ஏந்தி மணந்தார். பிடுங்கவில்லை. "ஆரின்ரையோ தோட்டம்" என்று சொல்லிவிட்டு வந்து ஏறினார். பிறகு எங்களுக்கு முன்னால் ஒரு உழவு இயந்திரம் பெட்டி பெட்டியாகப் பழத்தை ஏற்றிக்கொண்டு ஊர்ந்தது. முந்தட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம். வேலைக்குப் போறவனை முந்தக்கூடாது" என்றார்.

எதியெனின் வீடு ஒரு சரிவின் அடியில் இருந்தது. தாய் காலமாகிவிட்டார். தகப்பன் மொரிஸும் மகனும் மட்டும்தான். வாசுகி முற்றத்துக்கு ஓடிவந்து தகப்பனைக் கட்டிப்பிடித்தாள். மொரிஸ் கைகளைத் துடைத்துத் துடைத்துக்கொண்டு நின்றார். பெரிய கைகள், வெயிலில் சிவந்த கழுத்து. எங்களைத் தோட்டம் பார்க்கக் கூட்டிப்போனார்கள். நிரைக்குள் நாலு அடி வைத்திருக்க மாட்டோம், டமார் என்று ஒரு சத்தம்.

எங்கள் உடம்புக்கு அந்தச் சத்தம் தெரியும். மூளை யோசிக்க முதல் உடம்பு விழுந்துவிட்டது. கண்ணைத் திறந்தபோது மூன்று பேரும் மண்ணில் குப்புறக் கிடந்தோம். முழங்கால் ஏலாத பூமணி அக்கா எங்களுக்கு முதலே கிடந்தார். "அப்பா, ஒண்டுமில்லை! அம்மா, ஒண்டுமில்லை! குருவிக்கு வைக்கிற வெடி, காஸிலை அடிக்கிறது, சத்தம் மட்டும்தான்!" என்று வாசுகி கத்திக்கொண்டு ஓடிவந்தாள். பழம் பழுக்கும் நேரம் பறவைக் கூட்டம் வந்து இறங்கினால் ஒரு காலைக்குள் நிரையை மொட்டையடித்துவிடுமாம். அதைக் கலைக்க அந்தக் குழாய் தானாகவே இடைக்கிடை வெடிக்குமாம். மொரிஸ் முழங்காலிட்டு அக்காவைத் தூக்கினார். வாசுகி அவருக்கு என்னவோ விளக்கினாள். மனிதருக்கு முகம் செத்துவிட்டது. உடனே நிறுத்துகிறேன் என்று கிளம்பினார். அண்ணை வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே, "வேண்டாம் எண்டு சொல்லு. அவையின்ரை பயிர், அவையின்ரை வேலை. நாங்கள் விழுந்ததுக்காக நிப்பாட்டத் தேவையில்லை" என்றார். ரோசம்! மொரிஸ் நின்றுவிட்டார். வெடி தன்பாட்டில் தொடர்ந்து வெடித்தது. நாங்கள் ஒவ்வொரு தடவையும் விழாமல் நின்றோம், அவ்வளவுதான்.

மத்தியானம் அக்கா அந்த வீட்டுச் சமையலறையில் சோறும் பருப்பும் கத்தரிக்காயும் சமைத்தார். வாசுகி கூட நின்றாள். புரட்டாதிச் சனிக்கு என்ன முறை? காகத்துக்கு வைத்து, அது வந்து தொட்ட பிறகுதான் விரதகாரர் வாயில் வைப்பார். வாழையிலைக்கு எங்கே போவது? அண்ணை ஒரு பெரிய முந்திரிகை இலையைக் கிள்ளிக் கழுவி, அதில் எல்லாக் கறியிலும் கொஞ்சம் கொஞ்சம் வைத்துக்கொண்டு, தோட்டத்து மதிலடிக்குப் போனார். நானும் மற்றவர்களும் பின்னால் போனோம். இலையை மதில் மேல் வைத்து, கைதட்டி, தொண்டையைத் திறந்து கூப்பிட்டார்: "கா! கா! கா!"

அறுவடைக் கிழமையில், பழுத்த தோட்டத்தின் நடுவில், பறவையை விருந்துக்குக் கூப்பிட்ட மனிதர் அல்சாஸில் அவர் ஒருவராகத்தான் இருக்கும். பழம் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் கத்தரிக்கோலோடு நிமிர்ந்து பார்த்தார்கள். வாசுகிக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்பா, இஞ்சை வேண்டாம் அப்பா, ப்ளீஸ்." அண்ணைக்குக் காது கேட்கவில்லை. ஒரு காகம் தூரத்துக் கம்பத்தில் வந்து இருந்தது. டமார்! போய்விட்டது. திரும்ப வந்தது. டமார்! அண்ணை மதிலடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உள்ளே சோறு ஆறியது. அவர் சாப்பிடாமல் அக்கா சாப்பிடமாட்டார், அக்கா சாப்பிடாமல் நான் எப்படிச் சாப்பிடுவது? எனக்குப் பசியில் கோபம் வந்தது. இந்த மனிதர் இந்த வெயிலுக்குள் நின்றுகொண்டே இல்லை என்று சொல்லிவிடுவார் என்று பயமும் வந்தது.

மொரிஸ் வாசுகியிடம் என்ன நடக்கிறது என்று கேட்டார். "காகம் சாப்பிட்டால்தான் அப்பா சாப்பிடுவார்" என்று அவள் சொன்னாளாம்.  மொரிஸ் நிரைக்கு நடுவே இறங்கிப் போய், வெடிக் குழாயடியில் குனிந்தார். திரும்பி வந்து அண்ணைக்குப் பக்கத்தில், ஆனால் கொஞ்சம் தள்ளி, கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு வெடிக்கவில்லை.

முதலில் வந்தது காகமில்லை. கறுப்புக் குருவிக் கூட்டம் ஒன்று சுழன்று வந்து கீழ்ச்சரிவில் இறங்கியது. வேலையாட்கள் சத்தம் போட்டார்கள். தன் பழத்தைக் குருவி தின்பதை மொரிஸ் பார்த்துக்கொண்டே நின்றார். அண்ணையும் அவரைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் கதைக்க ஒரு பாஷையும் இல்லை. கடைசியில் காகம் வந்து, மதிலில் நடந்து, தலையைச் சரித்துப் பார்த்து, சோற்றைக் கொத்தியது. "வாருங்கோ சாப்பிடுவம்" என்று அண்ணை திரும்பினார். மொரிஸ் குனிந்து போய் வெடியைத் திரும்பவும் போட்டுவிட்டு வந்து, எங்களோடு உட்கார்ந்து, கத்தரிக்காய்க் கறியை வியர்க்க வியர்க்கச் சாப்பிட்டார்.

பிறகு நிலவறைக்குக் கூட்டிப் போனார்கள். குளிர்ச்சி, பெரிய பெரிய பீப்பாக்கள். அண்ணை வாசலில் தயங்கினார். ஐயாவின் நினைவு வந்திருக்கும். பின் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார், கோயிலுக்குள் வருகிற மாதிரி. மொரிஸ் எங்களுக்கு வைன் நீட்டவில்லை. அன்று காலை பிழிந்த, இன்னும் புளிக்காத சாற்றை நீட்டினார். "இண்டைக்குப் பிழிஞ்சதோ?" என்று அண்ணை வாசுகியிடம் இரண்டு தரம் கேட்டுவிட்டுக் குடித்தார். "தேன்" என்றார். உரும்பிராயில் வருசத்துக்கு ஒருக்கால் இல்லை, அதற்கு மேலும் காய்க்கும் என்று அவர் சொன்னபோது மொரிஸ் நம்பவில்லை. அண்ணை கையை ஆட்டி ஆட்டி எப்படி வெட்டிவிடுவது என்று காட்டினார். மொரிஸ் ஒரு பீப்பாவிலிருந்து கொஞ்சம் எடுத்து, வாயில் வைத்துக் கொப்பளித்து, ஒரு வாளியில் துப்பினார். அண்ணைக்குக் கண் பிதுங்கிவிட்டது.

"இவ்வளவு பாடுபட்டுச் செய்துபோட்டு ஏன் துப்புறார்?"

வாசுகி கேட்டுச் சொன்னாள். வேலை நேரத்தில் குடிக்கிறவன் வேலையைக் குடித்துவிடுவான் என்று மொரிஸின் தகப்பன் சொல்லுவாராம். அண்ணை குனிந்து அந்த வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

புறப்படும் நேரம். முற்றத்தில் எல்லோரும் நின்றோம். சொல்ல வந்ததைச் சொல்ல வேண்டிய வாசல் அதுதான். வாசுகி தகப்பனின் முகத்தைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தாள். எதியெனுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அண்ணை முற்றத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். கிழக்கு எது என்று என்னிடம் கேட்டார். பிறகு மகளிடம், "பொன்னுருக்கு மாப்பிள்ளை வீட்டிலை செய்யிறதுதான் வழக்கம். இந்த முற்றத்திலை இடம் காணும். தட்டானைப் பாரிஸிலை இருந்து கூப்பிடலாம். இவரிட்டைக் கேள், எந்த மாசம் தோட்டத்திலை வேலை குறைவு எண்டு" என்றார்.

தாலிக்குப் பொன் உருக்க நாள் கேட்டால் அதற்குப் பிறகு என்ன இருக்கிறது? வாசுகிக்கு மொழிபெயர்க்க வாய் வரவில்லை. அழுதாள். மொரிஸ் பயந்துபோய் அவளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். நான்தான் எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில், அவர் ஓம் என்று சொல்லிவிட்டார் என்றேன். எதியென் என்னைத் தூக்கிச் சுற்றினான். முட்டாள் பெடியன், என் சீலை கழன்றிருக்கும்.

இதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அடுத்த மாசியில் பொன்னுருக்கு அங்கே, கலியாணம் இங்கே ஒஸ்லோவில். மொரிஸ் வேட்டி கட்டிக்கொண்டு பந்தியில் இருந்தார். ஏன் சம்மதித்தீர்கள் என்று யார் கேட்டாலும் அண்ணை ஒரே கதையைத்தான் சொன்னார்: "என்ரை விரதத்துக்காகத் தன்ரை பயிரைக் குருவிக்கு விட்ட மனுசன். அந்த வீட்டிலை என்ரை பிள்ளை இருக்கலாம்." கோயிலில் சொன்னார், டிப்போவில் சொன்னார், ஸ்ட்ரோம்மனில் கடைக்குப் போனால் அங்கே கண்டவரிடமும் சொன்னார். சாராயம் என்று கேட்டவரே பிறகு அந்தக் கதையை மற்றவர்களுக்குச் சொல்லித் திரிந்தார். நீங்கள் எல்லோரும் அதைக் கேட்டிருப்பீர்கள். அது உண்மை. ஆனால் முழுவதும் அதுவல்ல.

ஓய்வுபெற்ற பிறகு அண்ணை பொழுதுபோகாமல் என் பஸ்ஸில் ஏறி முன்சீற்றில் இருந்து வருவார். ஓடும்போது கதைக்கமாட்டார், கடைசித் தரிப்பிடத்தில்தான் கதை. போன வசந்தத்தில் ஒரு நாள், எந்தத் தொடக்கமும் இல்லாமல், "தங்கச்சி, அண்டைக்கு நான் காகத்துக்கு வைக்கப் போகமுதல், சோறள்ளக் கரண்டி ஒண்டு தா எண்டு வாசுகியைக் கேட்டனான்" என்றார்.

"அதுக்கு?"

"அவள் அம்மாவோடை கதைச்சுக்கொண்டு, திரும்பியும் பாக்காமல், பின்னாலை கையை விட்டு மேசை லாச்சியை இழுத்து எடுத்துத் தந்தாள். விருந்துக்குப் போற பிள்ளைக்கு எந்த லாச்சி எண்டு தெரியாது, தங்கச்சி."

 அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு தொடர்ந்தார். "கோவம் வந்தது. வராமல்? அதுதான் இலையைத் தூக்கிக்கொண்டு வெளியாலை போனனான். காகம் வராமல் நிண்டது நல்லதாப் போச்சு, யோசிக்க நேரம் கிடைச்சது. நான் இல்லை எண்டு சொன்னால் ஆருக்கு இல்லை எண்டு சொல்லுறன்? அவள் ஏற்கனவே அந்த வீட்டுப் பிள்ளை. நான் வந்தது வீடு பாக்க. பாத்திட்டன்."

"அப்ப அந்த மனுசன் வெடியை நிப்பாட்டினது ஒண்டுமில்லையோ?"

"ஏன் இல்லை? வாய் திறந்து ஓம் எண்டு சொல்லத் தைரியம் தந்தது அதுதான்."

"பிறகேன் எல்லாரிட்டையும் வெடிக் கதையை மட்டும் சொன்னனீங்கள்?"

அண்ணை என்னை ஒரு மண்டூகத்தைப் பார்ப்பதைப் போலப் பார்த்தார். "கரண்டிக் கதையைச் சொன்னால் சனம் என்ரை பிள்ளையைக் கதைக்கும். வெடிக் கதை எண்டால் சம்பந்திக்கும் மரியாதை, பிள்ளைக்கும் மரியாதை. சனத்துக்குக் கதைக்க என்னத்தையாவது குடுக்கத்தானே வேணும்."

"அக்காவுக்குத் தெரியுமோ?"

"பூமணிக்குத் தெரியாத ஒண்டை நான் எங்கை கண்டன்? சரி, நேரமாகுது, எடு பஸ்ஸை."

செத்தவீட்டன்று தகனச்சாலைக்கு வெளியே வாசுகி சுவரோடு சாய்ந்து நின்றாள். மொரிஸும் எதியெனும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தள்ளி நின்றார்கள். கிரியை முழுக்க அவள் அழவில்லை. என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்ரி, அப்பாவுக்கு நான் ஒரு பொய் சொன்னனான்" என்றாள். "அந்த வருசம் முழுக்க ஹொஸ்டலிலை இருக்கிறன் எண்டு சொன்னனான். நான் அங்கை இருக்கேல்லை, எதியென் வீட்டிலைதான் இருந்தனான். நாங்கள் அப்பவே சம்போர்." கலியாணம் செய்யாமல் சேர்ந்து வாழ்வதற்கு நோர்வேக்காரர் சொல்லும் சொல் அது. எங்கள் பிள்ளைகள் அதைப் பெற்றோருக்கு முன்னால் சொல்வதில்லை. "பிறகு சொல்லுவம், பிறகு சொல்லுவம் எண்டு இருந்திட்டன். என்னை நம்பித்தான் அப்பா அவ்வளவு தூரம் வந்தவர். இனி ஆரிட்டைப் போய்ச் சொல்ல?"

"அவருக்குத் தெரியும், பிள்ளை" என்றேன்.

"என்ன தெரியும்?"

நான் அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். "அண்டைக்கேயோ?" என்றாள்.

"அண்டைக்கே. முற்றத்துக்கு வரமுதலே."

"ஒரு நாளும் கேக்கேல்லையே, அன்ரி. ஒரு சொல்லுக்கூடக் கேக்கேல்லையே." பிறகுதான் அழுதாள். என் தோளில் முகத்தை வைத்து, குழந்தை அழுவதைப் போல, சத்தம் போட்டு அழுதாள். நானும் அழுதேன். கொஞ்ச நேரத்தில் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "அப்ப நான் இவ்வளவு வருசமும் ஆருக்கு ஒளிச்சனான்?"

இதை எழுதலாமா என்று அவளிடமும் பூமணி அக்காவிடமும் கேட்டேன். அக்கா தலையாட்டினார். வாசுகி, "எழுதுங்கோ. அப்பா தெரிஞ்சுகொண்டுதான் ஓம் எண்டவர் எண்டு எல்லாரும் அறியட்டும்" என்றாள். ஆகவே எழுதிவிட்டேன். கதைக்கிறவர்கள் இனித் தாராளமாகக் கதைக்கலாம்.

அண்ணையிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது, கண்டதைக் கண்டதாகக் காட்டாமல் பிள்ளைக்கு வழிவிடத் தெரிந்த அந்த மனதைத்தான். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள், பேர்கனில் படிக்கிறாள். தொலைபேசியில் பேசும்போது பின்னால் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கிறது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.